ஓடுகிறவனுக்குக் கயிறு ஏறவில்லை: மைதானத்திலும் வீட்டிலும் பட்ட அனுபவங்கள்

பி.டி. வாத்தியார்

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில், காவலர் தேர்வுக்குப் போகும் பையன்களுக்குக் காலை ஐந்தரைக்குப் பயிற்சி கொடுக்கிறேன். காசு கிடையாது, டீ மட்டும் அவர்கள் செலவு. பள்ளியில் முப்பது வருடம் செய்ததையேதான் இங்கேயும் செய்தேன். ஒரு விசில், எல்லாரும் நாலு ரவுண்டு, அப்புறம் இருபது தண்டால், கலைந்து போ. இது தப்பு என்று எனக்குக் காட்டியவர்கள் இரண்டு பையன்கள்.

முதல் பையன் பால் ஊற்றுகிறவன். விடிகாலையிலும் சாயங்காலமும் கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் சுற்றுவான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், தவறினால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இவன் ஐந்தரை நிமிடத்தில் ஓடிவிட்டு, மூச்சு வாங்காமல் "அடுத்து என்ன சார்?" என்பான். அடுத்தது கயிறு. 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. இவன் இரண்டு மீட்டரில் நின்றுவிடுவான். அப்படியே சறுக்கி இறங்கி, சிவந்துபோன உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தண்டால் எடுக்கச் சொன்னால் ஐம்பது எடுக்கிறவன் கயிறு ஏற மாட்டேன் என்கிறானே, பயம்தான் என்று நினைத்துத் திட்டினேன். அந்தத் திட்டு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஒரு நாள் சும்மா கம்பியில் தொங்கச் சொல்லி ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். பதினான்கு விநாடியில் கை விட்டுவிட்டது! அப்போதுதான் உறைத்தது. தண்டால் என்பது தள்ளுகிற வேலை. கயிறு இழுக்கிற வேலை, பிடிக்கிற வேலை. அவன் வாழ்க்கையில் எதையும் மேலிருந்து கீழே இழுத்ததே இல்லை, ஊரில் கிணறுகளுக்கெல்லாம் மோட்டார் வந்துவிட்டது. அவனை ஓட்டத்திலிருந்து கழற்றிவிட்டேன். வாரம் மூன்று நாள் கம்பி மட்டும். முதலில் தொங்குவது. பிறகு ஈரத்துண்டைக் கம்பியில் போட்டு, துண்டைப் பிடித்துத் தொங்குவது. அப்புறம் ஸ்டூலிலிருந்து எட்டி, முகவாய் கம்பிக்கு மேல் வந்ததும் ஐந்து எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குவது. ஏறத் தெரியாதவனுக்கு இறங்குவதுதான் முதல் பாடம்.

இரண்டாவது பையன் ஜிம் பையன். மார்பு 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்பது தேர்வு விதி, இவன் அளவுநாடா கேட்டதைவிட அதிகமாகவே விரிப்பான். பார்த்தால் இன்றைக்கே சீருடை மாட்டிவிடலாம் போல இருக்கும். ஓட்டத்தில் மூன்றாவது சுற்றில் இடுப்பில் கை வைத்துவிடுவான். 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றை 1 நிமிடம் 52 விநாடியில் ஓடினால் போதும், 7 நிமிடம் வந்துவிடும். இவன் முதல் சுற்றை 1 நிமிடம் 20-ல் ஓடிக் காசை எல்லாம் அங்கேயே செலவழித்துவிடுவான். என் பக்கத்தில், என் வேகத்தில், பேசிக்கொண்டே ஓட வைத்தேன். "சார், இது ஓட்டமே இல்ல சார், நடை" என்று அவனுக்கு ஒரே வெட்கம். எதிரே பெண்கள் குழு வேறு ஓடிக்கொண்டிருந்தது.

உடல் தகுதியின் கூறுகள் இதய நுரையீரல் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வுத்தன்மை, உடல் அமைப்பு (உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு) என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பேன்! அதோடு சமநிலை, வேகம், சுறுசுறுப்பு என்று இன்னொரு பட்டியல். ஐந்து மதிப்பெண் கேள்வி. வகுப்பில் கேட்டேன், மைதானத்துக்கு வந்ததும் மறந்துவிட்டேன். ஒருவனிடம் இருப்பது இன்னொருவனிடம் இல்லை, இரண்டு பேருக்கும் நான் கொடுத்தது ஒரே நாலு ரவுண்டு.

இப்படி உங்களுக்கு நடந்தது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

மாயவரத்து மகள்

சார், என் அம்மாவுக்கு 68 வயது. பத்து வருடமாகத் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார். மழை வந்தால் மொட்டைமாடிப் படிக்கட்டு அறைக்குள்ளேயே சுற்றி வருவார், அவ்வளவு பிடிவாதம். போன ஐப்பசியில் ராத்திரி பாத்ரூமில் விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் தரையிலிருந்து எழ முடியவில்லை. எங்களை எழுப்பவும் மனசில்லாமல் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் வந்து எந்த மெஷினும் எடுக்கவில்லை. டைனிங் டேபிள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். ஏழு. அம்மா வயதுப் பெண்களுக்குப் பதினொன்றுக்குக் கீழே போனால் குறைவு என்றார். அம்மாவுக்குக் கோபம். "நான்தான் தினமும் நடக்கிறேனே, அப்புறம் என்ன?" என்று அவரிடமே கேட்டார். அவர் பொறுமையாகச் சொன்னார்: "நடக்கறது நல்லதும்மா, நிறுத்த வேண்டாம். அது மூச்சுக்கும் இதயத்துக்கும் பண்ற வேலை. கீழேருந்து எழறதுக்குத் தொடையில பலம் வேணும். தடுக்கினா சமாளிச்சு நிக்கிறது இன்னொண்ணு, அது தனி."

முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து ஒரு தலையணையை எடுத்தோம். முட்டிவலி இருப்பதால் தாழ்வாக உட்கார வைக்கவே இல்லை. சமநிலைக்கு, அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது. அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பால் காயும் நேரம் என்று முடிவானது. பால் பொங்கும்வரை வலது கால், அடுப்பை அணைத்துவிட்டு டிகாஷன் இறங்கும்வரை இடது கால். முதலில் இரண்டு கையாலும் பிடித்தார், பிறகு ஒரு கை, இப்போது ஒரு விரல். வயதானவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. வாரம் மூன்று நாள்தானா, எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று வேளை காபி!

நாலு மாதத்தில் ஏழு பன்னிரண்டாகிவிட்டது.

ஸ்டென்ட் வைத்தவன்

எனக்கு 52. இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் உடற்பயிற்சி செய்யலாம் என்றதும் பக்கத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே இருந்த தம்பி ரொம்ப ஆர்வமானவன். 220-ல் வயதைக் கழி, 168, அதில் எண்பது சதவீதம் 134, அந்தத் துடிப்பு வந்தால்தான் கணக்கு என்று கையில் வாட்சைக் கட்டிவிட்டான். என்ன ஓடினாலும் வாட்ச் 105-ஐத் தாண்டவில்லை. "அங்கிள், நீங்க கஷ்டப்படவே இல்ல" என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான். கண் இருட்டிக்கொண்டு வந்து டிரெட்மில் கைப்பிடியைப் பிடித்தேன்.

நான் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். இதயத்துடிப்பை அடக்கி வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. வாட்ச் பொய் சொல்லவில்லை, கணக்குதான் எனக்குப் பொருந்தாத கணக்கு. அவனுக்கு இது தெரியாது, நானும் மாத்திரையைப் பற்றி அவனிடம் வாய் திறக்கவில்லை. பாதிக் குற்றம் என்னுடையது.

பிறகு இதய நோயாளிகளுக்கான பயிற்சிப் பிரிவில் வாட்சைக் கழற்றச் சொல்லிவிட்டு ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். 6-லிருந்து 20 வரை எண்கள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே எண் சொல்ல வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த கன்னர் போர்க் என்ற உளவியலாளர் உண்டாக்கிய அளவுகோல் அது. ஏன் 6-ல் ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். நல்ல உடம்புக்காரன் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அவனுடைய துடிப்பு வந்துவிடுமாம். எனக்கு அந்தப் பெருக்கல் ஒத்துவராது, ஆனால் சிரமம் என்னவோ உண்மைதானே. 11, 12, 13-க்குள் இருங்கள் என்றார்கள். இதுவும் வாத்தியார் சொன்ன 'பேசிக்கொண்டே ஓடு'தான். நான் பக்கத்து மெஷின்காரரிடம் கிரிக்கெட் பேசுவேன். முழு வாக்கியமாக வரவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

62 கிலோ

சின்னதாக ஒன்று. 34 வயது, கணினி வேலை, உயரம் 166, எடை 62. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு, 22.5. ஒல்லியானவன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், கல்யாண வீட்டில் "இன்னும் ரெண்டு இட்லி வைங்க" என்பார்கள். போன வருடம் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது. டாக்டர் எடை மெஷின் பக்கமே போகவில்லை, தொப்புளைச் சுற்றி நாடாவை வைத்தார். 94 சென்டிமீட்டர். நம் மாதிரி ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டுமாம். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை, கொழுப்பு இருக்கிறது, தசை இல்லை. நான் ஒல்லியாயிற்றே, எடை தூக்குவது தடியர்களுக்கு என்று நினைத்து ஓடிக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது வாரம் இரண்டு நாள் டம்பெல், பஸ்கி. எடை 63 ஆகிவிட்டது, இடுப்பு 90. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

சக்கர நாற்காலி

எல்லாரும் காலைப் பற்றியே எழுதுகிறீர்கள், என் பங்குக்கு நானும். தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பதினொரு வருடமாகிறது. மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினதிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் "நீங்களும் ஏதாவது பண்ணலாமே தம்பி" என்கிறார்கள். அவர் அடிபட்ட ஒரு காலோடு ஓடிவந்து தாண்டுகிறவர். அவர் உடம்பு வேறு, என் உடம்பு வேறு. 'ஊனம்' என்று ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள்.

நான் ஆரம்பத்தில் செய்த தப்பு, தள்ளுவதை மட்டும் செய்தது. சக்கரம் தள்ளுவதும் முன்பக்க வேலை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது கையை ஊன்றி எழுவதும் முன்பக்க வேலை. அது போதாதென்று ஜிம்மில் போய் பெஞ்ச் பிரஸ். ஒரு வருடத்தில் தோள் போய்விட்டது. உங்களுக்குத் தோள் வலித்தால் நாலு நாள் லீவு. எனக்குத் தோள்தான் கால், அது வலித்தால் கக்கூஸுக்கும் போக முடியாது. இப்போது ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டிப் பின்னால் இழுப்பதுதான் என் முக்கியப் பயிற்சி. தள்ளுவது ஒரு பங்கு என்றால் இழுப்பது இரண்டு பங்கு. அந்தப் பால்காரப் பையனுக்கும் எனக்கும் இதில் ஒரே வைத்தியம்தான் போல.

என் நண்பன் ஒருவனுக்குக் கழுத்தில் அடி. அவனோடு சித்திரை மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனேன், அறிவு கெட்டத்தனம். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, அவன் சட்டை காய்ந்தே இருக்கிறது. "உனக்கு வேர்க்கவே இல்லடா, கொடுத்து வச்சவன்" என்றேன். பத்து நிமிடத்தில் முகம் சிவந்து, பேச்சு குழறிவிட்டது. அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்புக்கு வேர்க்கத் தெரியாது. கழுத்தில் அடி என்றால் கிட்டத்தட்ட உடம்பு முழுக்கவே அப்படி. உள்ளே ஏறிய சூடு வெளியே போக வழியில்லை. துடிப்பும் நம்மைப் போல ஏறாது, ஸ்டென்ட் வைத்தவர் கதைதான். இப்போது அவன் பயிற்சி காலை ஆறு மணிக்கு. செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டில் ஒன்று என் மடியில் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகத்திலும் கையிலும் நான்தான் அவனுக்கு வேர்க்க வைக்கிறேன்.

களத்துமேடு

இதெல்லாம் சரி. எங்கள் தாத்தா எந்தக் கணக்கும் பார்க்காமல் எண்பது வயதுவரை வயலில் வேலை செய்தார். உழைத்தால் எல்லாம் தன்னால் வரும்.

பி.டி. வாத்தியார்

களத்துமேடு ஐயா, உங்கள் தாத்தாவைக் கும்பிடுகிறேன். எங்கள் பாட்டியும் வயலில்தான் இருந்தார், நாற்று நட்டு நட்டு நிமிரவே முடியாமல் போனார். குத்துக்காலிட்டு மணிக்கணக்கில் உட்காருவார், தலைக்கு மேல் பரணில் இருக்கும் பானையை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார். வேலை எதைக் கேட்டதோ அதை மட்டும்தான் உடம்பு கற்றுக்கொண்டது.

பையன்கள் என்ன ஆனார்கள் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஜிம் பையன் 6 நிமிடம் 41 விநாடியில் ஓடி முடித்து, கோட்டைத் தாண்டியதும் வாந்தி எடுத்தான். பால்காரப் பையன் கயிற்றில் 5 மீட்டர் தொட்டுவிட்டான், ஆறு வரவில்லை. இறங்கி வந்து உள்ளங்கையைக் காட்டினான், காய்த்துப் போயிருந்தது. எழுத்துத் தேர்வில் அவன் மதிப்பெண் குறைவு, இந்த முறை வேலை கிடைக்கவில்லை. திரும்பவும் காலையில் வருகிறான், பால் ஊற்றிவிட்டு.

அப்புறம் இன்னொன்று. மாயவரத்து மகள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் நாற்காலியைச் சுவரோடு போட்டேன். வயது 61. முப்பது வருடம் மைதானத்தில் நின்றவன், ஓடுகிறவன், இருபது வரும் என்று நினைத்தேன். பதின்மூன்று! என் வயது ஆண்களுக்குப் பதினான்குக்குக் கீழே குறைவாம். இரண்டாம் முறை வேகமாகச் செய்து பார்த்தேன், அதே பதின்மூன்று. எண்ணிக்கொண்டிருந்த என் வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "வாங்க, வந்து நில்லுங்க" என்றாள்.