ஊர் வாக்கும் சங்கக் காசும்

புங்குடுதீவு உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி வென்று இவ்வளவு காலமாகியும், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் அந்தக் கோபம் ஆறவில்லை. "சனம் சிங்களக் கட்சிக்குப் போட்டு இனத்தை விற்றுப்போட்டுது" என்ற எழுத்தை வாசித்து மனம் நொந்தாலும் பேசாமல் இருந்தேன். போன கிழமை ஒரு அண்ணை, ஊருக்குக் குடிதண்ணீருக்காகச் சங்கம் அனுப்புகிற காசை நிறுத்தி வைப்போம் என்று எழுதியிருக்கிறார். இனியும் பேசாமல் இருக்க ஏலாது.

எங்கள் ஊர் என்றைக்கும் ஒரே பக்கம்தான் நின்றது என்று பலர் நினைக்கிறீர்கள். எங்கள் ஊர் அடங்கிய ஊர்காவற்றுறைத் தொகுதியின் கதை அப்படி இல்லை. 1947இலும் 1952இலும் வென்றவர் அல்பிரட் தம்பியையா. சிங்களம் மட்டும் என்ற பேச்சு எழுந்த 1956இல் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. கந்தையா வந்தார். அவர் காலமானதும் 1963 இடைத்தேர்தலில் அதே கட்சியின் கரம்பன் நவரத்தினம். அதே நவரத்தினம் கட்சியோடு முறித்துக்கொண்டு, சுயாட்சிதான் வழி என்று 1970இல் தனித்து நின்றபோது சனம் அவரைத் தோற்கடித்து, தமிழரசின் வேலணைப் பண்டிதர் கா. பொ. இரத்தினத்தை அனுப்பியது. ஏழு வருடம் கழிந்து, 1972 அரசியலமைப்பையும் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலையும் பார்த்த பிறகு, தனிநாடு கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு அதே தொகுதி வாக்குப் போட்டது. காலம் என்ன கேட்டது, யார் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார் என்று பார்த்துப் போட்ட வாக்குகள் அவை.

1994 தேர்தலைச் சொல்லிக் குத்திக்காட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி. அந்த முறை சுயேச்சைக் குழுவாக நின்று 10,744 வாக்கில் யாழ் மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9ஐ எடுத்தது. மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 2.34 சதவீதம் மட்டுமே. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில். வாக்குப்பெட்டி பெரும்பாலும் இராணுவத்தின் கையிலிருந்த தீவுகளில்தான். 1990, 91 இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் வட்டாரங்களில் யார் மிஞ்சியிருந்தார்கள்? வயது போனவர்களும், போக இடமில்லாதவர்களும். அவர்கள் ஆயுதத்துக்கு நடுவில் போட்ட வாக்கை வைத்து, கனடாவிலும் சுவிஸிலும் பிரான்சிலும் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? 2001 நவம்பரில் நாரந்தனையில் பிரச்சாரத்துக்குப் போன தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினரை அடித்து இரண்டு பேர் செத்ததும் இதே தீவுப்பகுதியில்தான். 2005 ஜனாதிபதித் தேர்தல் புறக்கணிப்பில் மாவட்டமே 1.21 சதவீதம்தான் வாக்களித்தது. பயமில்லாமல் வாக்குப் போடுவதே எங்கள் ஊருக்குப் புதுசு. அப்படிப் போடக் கிடைத்த 2013 மாகாண சபைத் தேர்தலில் வடக்கு கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனங்களைக் கொடுத்தது. அந்த முப்பது பேரும் தங்களுக்குள் பிடுங்குப்பட்டதைச் சனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

பிறகு 2024. செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 27,086 வாக்கு. இரண்டு மாதத்தில் பாராளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி 80,830 எடுத்து, ஆறில் மூன்று ஆசனங்களை வென்றது. தமிழ்க் கட்சிகள் துண்டுதுண்டாக நின்றதைக் கூட்டிப் பார்த்தால் அந்த வெற்றி கால்வாசி வாக்கில் வந்தது என்பதும் தெரியும். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் அதே சனம் தமிழரசை மறுபடியும் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. இனத்தை விற்ற சனமா ஆறு மாதத்தில் அப்படித் திரும்பும்?

என்னுடைய சின்னம்மா ஊரை விட்டு வரமாட்டேன் என்று இருக்கிறவர். கிணற்றுத் தண்ணி வாயில் வைக்க ஏலாத உப்பு. படலையடியில் கான்களை அடுக்கிவைத்து, தண்ணிப் பவுசர் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "கேட்டவைக்கெல்லாம் போட்டுப் பாத்தாச்சு மோனை. இந்த முறை இவங்களுக்கும் போட்டுப் பாப்பம். சரிவரேல்லையெண்டா கலைப்பம்" என்றார். இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

இன்னொரு கணக்கையும் நாங்கள் நேராகப் பார்க்க வேண்டும். யாழ் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. வாக்காளர் இடாப்பில் ஆள் குறையக் குறைய ஆசனமும் குறைகிறது. விதானையார் (கிராம அலுவலர்) அந்த இடாப்பில் வெட்டிய பெயர்களில் உங்களதும் என்னுடையதும் இருக்கும். இலங்கைச் சட்டத்தில் வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க வழியில்லை. பாராளுமன்றத்தில் எங்கள் குரல் சுருங்கியதற்கு, ஊரில் இருப்பவர்கள் போட்ட புள்ளடியைவிட நாங்கள் விட்டுவந்த வெறுமைதான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வருகிற பொதுக்கூட்டத்தில் அந்த அண்ணையின் யோசனை வாக்கெடுப்புக்கு வந்தால் நான் எதிர்த்து நிற்பேன். நீங்களும் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர்க் காசை வழமைபோல வைகாசிக்கு முன்னம் அனுப்புங்கள். என்னுடைய பங்கை இந்தக் கிழமையே பொருளாளரிடம் கட்டிவிடுகிறேன்.