தொலைநிலைக் கல்வி: விரிவாக்கமா, வசூலா?

கருப்பூரான்:
சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கியது, பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை விரிவாக்க மையம் இருந்த இடத்தில். சேலத்துக்குப் பல்கலைக்கழகம் வந்ததே விரிவாக்கமாகத்தான். தொலைநிலைப் பிரிவு அதன் தொடர்ச்சி. அது வெறும் பணம் வசூலிக்கும் கல்லாப்பெட்டி என்று நேற்று ஒருவர் எழுதியது அநியாயம்.

செவ்வாய்ப்பேட்டை:
பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க சார். அந்த மையம் சென்னை வகுப்பறையை இங்கே கொண்டுவந்து போட்டது, அவ்வளவுதான். கற்பித்தல், ஆராய்ச்சிக்கு அடுத்த மூன்றாவது பணி என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 1977இல் சொன்ன விரிவாக்கம், ஊருக்குள் இறங்கிச் செய்யும் வேலை. தபால் வழிப் படிப்பின் வம்சமே வேறு: டெல்லிப் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது 1962இல், மதுரை 1971இல், அண்ணாமலை 1979இல்.

கருப்பூரான்:
வம்சம் எதுவோ, பலன் யாருக்கு? ஏற்காடு எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித் தினமும் வகுப்புக்கு வர முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை:
அவருக்காக என்றால் மலையில் வகுப்பு வைத்திருக்கணும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஸ்டடி சென்டர் திறந்தது வெளிமாநிலங்களில். சேர்க்கையும் வசூலும் தனியார் கையில், பெயர் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. அதனால்தான் 2013இல் யூஜிசி, தன் எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று எல்லைக்கோடு போட்டது. 2020 விதிகளும் இந்த ஃபிரான்சைஸ் முறையைத் தடுக்கின்றன.

ஆத்தூர் வாசகர்:
ரெண்டு பேரும் சண்டையை விடுங்க, சேரப்போகிறவர் கவனிக்க வேண்டியது இது. பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் போதாது. சேரும் ஆண்டுக்கும் அந்தப் படிப்புக்கும் யூஜிசி பட்டியலில் அனுமதி இருக்கணும். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்க முடியாது என்று 2009லேயே அரசாணை வந்தது. பட்டமே இல்லாமல் நேரடி எம்.ஏ. முடித்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

கருப்பூரான்:
இதைத்தான் சொல்றேன். விதி இறுகியபின் தரமும் இறுகியிருக்கு. பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட் ஒன்றுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கே இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை:
அந்தக் கணக்கையே போடுவோம். 4 கிரெடிட் தாளுக்கு 120 மணி, ஒரு பருவத்தில் ஐந்து தாள் என்றால் 600 மணி. 20 வாரத்தில் முடிக்க வாரம் 30 மணி. அம்மாப்பேட்டையில் தறியிலிருந்து இரவு எழுந்து வருபவருக்கு அது எங்கிருந்து வரும்? பாடப்புத்தகமே வாத்தியாராக இருக்கணும்: ஒவ்வொரு அலகிலும் நோக்கம், நடுவில் சோதனைக் கேள்வி, கடைசியில் விடை. வகுப்பு நோட்ஸை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் அவர் கைடு வாங்கித்தான் தேர்வெழுதுவார்.