ஓசிடியும் கஞ்சாவும்: தம்பியிடம் நான் கண்டது

வேண்டாத எண்ணங்களும், அவற்றைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயச் செயல்களும் கொண்ட மனநோய்தான் ஓசிடி. கஞ்சா அதைத் தணிக்குமா என்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்கார்பரோவில் என்னோடு வசிக்கும் தம்பியின் கதையை, அவன் சம்மதத்துடன் எழுதுகிறேன்.

அவனுக்கு ஓசிடி அடுப்பிலும் கதவுப் பூட்டிலும்தான். பூட்டுவான், இழுத்துப் பார்ப்பான், படியிறங்குவான், மறுபடி ஏறுவான். 2018 அக்டோபரில் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. அதன்பின் வேலை முடிந்து வந்து இரவில் மட்டும் புகைக்கத் தொடங்கினான். அந்த இரவுகளில் உண்மையாகவே அமைதியாக இருந்தான். "தலைக்குள் சத்தம் நின்றுவிட்டது அக்கா" என்பான். அதை நான் மறுக்கமாட்டேன்.

போகப்போக, வெளியே கிளம்பும் முன்பும் புகைக்க வேண்டியிருந்தது. அதைவிட என்னைக் கலங்கவைத்தது மறுநாள் காலைகள். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் குறுகிய கால நினைவை மங்கச் செய்யும். திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவர்களுக்கோ தங்கள் நினைவின் மீதே நம்பிக்கை குறைவு. "நேற்று புகைத்திருந்தேனே, அடுப்பை அணைத்தேனா?" என்று புதிதாக ஒரு சந்தேகம் முளைத்தது. இரவில் குறைந்த சரிபார்ப்பு காலையில் வட்டியோடு வந்து சேர்ந்தது.

ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 2021இல் வெளியான ஒன்றில், ஓசிடி உள்ள 87 பேர் கஞ்சா பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் தங்கள் நிலையை ஒரு செயலியில் பதிந்திருந்தார்கள். கட்டாயச் செயல்கள் 60 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து எடுத்த குழு அதில் இல்லை. வேண்டாத எண்ணங்களில் கிடைத்த நிவாரணமும் நாளடைவில் சுருங்கியது. 2020இல் நியூயார்க்கில் 14 பேருக்குக் கஞ்சாவையும், போதைப் பொருள் நீக்கிய போலிக் கஞ்சாவையும் கொடுத்து ஒப்பிட்டபோது, ஓசிடி அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான் வீட்டில் பார்த்ததற்கு இதுவே நெருக்கமாக இருந்தது.

தம்பி இதை மருத்துவரிடம் நெடுநாள் சொல்லவில்லை. சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை; எப்போது, எவ்வளவு, எதற்கு முன் என்று மட்டும் கேட்டார். இப்போது குளிசையோடு பயிற்சியும் நடக்கிறது. ஒருமுறை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும். பதற்றம் தானாக இறங்கும்வரை தாங்கவேண்டும். அதற்கு முன் புகைக்கக் கூடாது என்பது சிகிச்சையாளர் வைத்த நிபந்தனை. புகைத்துவிட்டுப் போனால், பதற்றத்தை இறக்கியது புகைதான் என்று மனம் எண்ணிக்கொள்ளும், பயிற்சி வீணாகும் என்றார். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது.

அவன் முற்றாக நிறுத்தவில்லை, குறைத்திருக்கிறான். குறைத்த தொடக்கத்தில் தூக்கமின்மையும் எரிச்சலும் கடுமையாக இருந்தன; நோய் முற்றிவிட்டது என்றே பயந்தான். தினமும் புகைத்தவர்களுக்கு அது வருவது வழக்கம், சில வாரங்களில் தணியும் என்று மருத்துவர் சொன்னபிறகே தெளிந்தான். அந்த வாரங்களைக் கடந்தவர்கள் இங்கே இருந்தால், இரவுத் தூக்கத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். அவனும் வாசிப்பான்.