நேரா செய்தி வாசிக்கப் போகலாமா, இல்ல முதல்ல நிருபரா?

பிறை_ஹரி:
மாஸ் காம் முடிச்சிட்டேன். கோலாலம்பூர்ல டிவியில தமிழ்ச் செய்தி வாசிக்க ஆடிஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு பத்திரிகையில நிருபர் வேலையும் கிடைக்கும்போல. எதுக்குப் போறது?

செந்தூல்காரன்:
நிருபர்தான் தம்பி, யோசிக்கவே வேணாம். அமெரிக்க டிவி செய்தியாளர் பீட்டர் ஜென்னிங்ஸைப் பாருங்க. 1965ல ஏபிசி டிவி அவரை 26 வயசுல மாலைச் செய்திக்கு உட்கார வச்சுது. ஆள் அழகு, குரல் அருமை. ஆனா எதிர்ல, போட்டி டிவி சிபிஎஸ்ல வால்டர் கிரான்கைட். இரண்டாம் உலகப் போரை யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக நேர்ல போய் எழுதின மனுஷன். தாக்குப்பிடிக்க முடியுமா? மூணு வருஷத்துக்குள்ள ஜென்னிங்ஸ் நாற்காலிய விட்டு இறங்கிட்டார். அப்புறம் பெய்ரூட்ல ஏபிசிக்குச் செய்திப் பிரிவு ஆரம்பிச்சார், 1972ல மியூனிக் ஒலிம்பிக் கிராமத்துல பணயக்கைதிகள் சம்பவத்தை அங்கிருந்தே சொன்னார். 1983ல திரும்பி வந்து உட்கார்ந்தவரை 2005ல நுரையீரல் புற்றுநோய்தான் எழுப்புச்சு. இத்தனைக்கும் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்.

செத்தாப்பாக்_மல்லிகா:
அண்ணே, நியூயார்க் கதைய வச்சு பிறைப் பையனுக்கு வழி சொல்றீங்களே! 1976லயே செய்தி வாசிக்க பார்பரா வால்டர்ஸுக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர்னு ஒப்பந்தம் போட்ட ஊர் அது. இங்க தமிழ்ல டிவி செய்தி போடுற இடமே அரசு டிவி ஆர்டிஎம், தேசியச் செய்தி நிறுவனம் பெர்னாமான்னு விரல் விட்டு எண்ணிடலாம். நான் பகுதிநேரமா வாசிச்ச இடத்துல (பேர் வேணாம்) ஒரு செய்தியறிக்கைக்கு இவ்வளவுன்னு கணக்கு. காலையில பள்ளிக்கூடத்துல பாடம், சாயங்காலம் பவுடரும் சேலையும். பிரதி கடைசி நிமிஷத்துலதான் கைக்கு வரும். டத்தோ, டத்தோ ஸ்ரீ, டான் ஸ்ரீ, துன்... ஒரு பட்டம் மாறினாலும் செய்தி முடியறதுக்குள்ள போன் வந்துடும். 1.2 பில்லியன் ரிங்கிட்னு இருக்கும், படிக்கிற வாயிலயே 120 கோடி ஆக்கணும். பெய்ரூட் போனா இதெல்லாம் வந்துடுமா? உட்கார்ந்து வாசிச்சாதான் வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_ரவி:
களத்துக்குப் போய்ட்டா மட்டும் ஆச்சா? இன்னொரு அமெரிக்க டிவி என்பிசியில செய்தி வாசிச்ச பிரையன் வில்லியம்ஸ் 2003ல ஈராக்குக்கே போனவர்தானே. தான் இருந்த ஹெலிகாப்டரைச் சுட்டாங்கன்னு கதை விட்டார். சுடப்பட்டது வேற ஹெலிகாப்டர். 2015ல அதுல இருந்த வீரர்களே மறுத்ததும், ஆறு மாசம் சம்பளமில்லாம வீட்டுக்கு. அந்த நாற்காலி லெஸ்டர் ஹோல்ட்டுக்குப் போச்சு.

செந்தூல்காரன்:
ரவி, அது புளுகினதுக்குக் கிடைச்ச தண்டனை, களத்துக்குப் போனதுக்கு இல்ல. சிபிஎஸ்ல கிரான்கைட்டுக்கு அப்புறம் வாசிச்ச டான் ராதரையும் பாருங்க. அதிபர் புஷ்ஷோட ராணுவச் சேவை பத்தி 2004ல காட்டின ஆவணங்கள் உண்மைதான்னு சிபிஎஸ்ஸால நிரூபிக்க முடியல. அடுத்த மார்ச்ல ராதர் மாலைச் செய்திய விட்டு இறங்கிட்டார். ஏன் அவர் தலையில விடிஞ்சுது? அங்க வாசிக்கிறவர் வெறும் முகம் இல்ல. கிரான்கைட்டும் சரி, ராதரும் சரி, அந்தச் செய்திக்கு நிர்வாக ஆசிரியரும் அவங்கதான். எது முதல் செய்தி, எது வேணாம்னு சொல்ற அதிகாரம் கையில இருந்துச்சு.

செத்தாப்பாக்_மல்லிகா:
அதைத்தானே அண்ணே நானும் சொல்றேன்! எனக்கு ஒரு வரியை மாத்துற அதிகாரம் கிடையாது. ஒரு மந்திரி ரிப்பன் வெட்டின செய்தியக் கீழ தள்ளிட்டு வெள்ளச் செய்திய முதல்ல வைங்கன்னு கேட்டேன், "நீங்க வாசிங்க டீச்சர்"னுட்டாங்க. அதிகாரமே தராத நாற்காலிக்கு எதுக்கு இருபது வருஷக் களம்?

செந்தூல்காரன்:
நீங்க நிருபரா இருந்து வந்திருந்தா அப்படிச் சொல்லியிருப்பாங்களா?

செத்தாப்பாக்_மல்லிகா:
சொல்லியிருப்பாங்க. "டீச்சர்"னு மட்டும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ்_ரவி:
😂😂 அக்கா செம.

பிறை_ஹரி:
எல்லாம் சரி... வெள்ளிக்கிழமை ஆடிஷன். போறதா வேணாமா?

செத்தாப்பாக்_மல்லிகா:
போ தம்பி. ஒரு வாசிப்புக்கு எவ்வளவு, பெட்ரோல் காசு உண்டா, எந்த மாசம் கைக்கு வரும், மூணையும் கேட்டுட்டு உட்காரு.

செந்தூல்காரன்:
அந்தப் பத்திரிகைக்கும் "வேணாம்"னு சொல்லிடாத.