வெளிநாடு போகேக்க காட், காசு எப்பிடிப் பிரிச்சு வச்சிருந்தனீங்கள்?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவின்ட கண் ஒப்பரேசனுக்கு சென்னை போனனாங்கள். ரெண்டு காட், ரெண்டும் ஒரே பாங்க், ஒரே பேர்ஸ். வெளிநாட்டில பாவிக்கத் திறந்து விடச் சொல்லி இங்க சொல்லாம போனது என்ட பிழை. கவுண்டர்ல ரெண்டும் வேலை செய்யேல்ல. ஹொட்லைனுக்கு எடுத்தா உங்கட நம்பருக்கு ஓடிபி வரும் எண்டினம், அந்த சிம்மைக் கழட்டி டிஷ்யூவில சுத்தி லொட்ஜில வச்சிட்டு வந்தனான், ரோமிங்கும் போடேல்ல. பின்னால ஆக்கள் நெருக்குது. அம்மா ஒண்டும் கதைக்காம இடுப்பில இருந்த லேஞ்சியை எடுத்து முடிச்சை அவிழ்த்தா, எட்டா மடிச்ச 100 டொலர் நோட்டு. "இது காணுமே தம்பி?" "டாலர் வாங்க மாட்டோம்மா." கிளிநொச்சியில இருந்து வந்திருந்த ஒரு ஐயாதான் அண்டைக்குக் கட்டினவர். அம்மா அந்த நோட்டை நீட்டின கை இன்னும் கண்ணுக்க நிக்குது.

பெட்டா வியாபாரி:
காட்டை நம்பினா இதுதான் தங்கச்சி. இந்தியக் காசா கையில இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல.

கூறைக்குப் போனவள்:
அண்ணா அப்பிடிச் சொல்லாதேங்கோ. 2016 நவம்பர் 8 இரவு நாங்க தி.நகர் லொட்ஜில, தங்கச்சிக்குக் கூறை எடுக்கப் போயிருந்தம். டிவியில 500, 1000 செல்லாது எண்டாங்கள், எங்கட கையில முழுக்க அந்த ரெண்டும்தான். அடுத்த நாள் பாங்கும் பூட்டு, ஏடிஎம்மும் பூட்டு. கட்டில்ல பத்து ரூபாத் தாளெல்லாம் பரப்பி எண்ணிப் போட்டுத்தான் இட்லி வாங்கப் போனது.

தெஹிவளை தம்பி:
சிங்கப்பூர்ல காட் மெசின் இலங்கை ரூபாயா சிங்கப்பூர் டொலரா எண்டு கேட்டுது, விளங்கின காசு எண்டு ரூபாயை அமத்திட்டன், காசு மாத்திற விலையில நல்லா வெட்டிப் போட்டாங்கள். எப்பவும் அந்த நாட்டுக் காசையே அமத்துங்கோ. ரெண்டு காட்டும் வேற வேற பாங்கா இருக்கோணும், ஒண்டு பேர்ஸில, மற்றது பெட்டிக்க. ஹோட்டல்ல டெபொசிட்டுக்கு டெபிட் காட் குடுக்காதேங்கோ, பிடிச்சு வச்ச காசு திரும்பி வர நாள் எடுக்கும், கிரெடிட் காட்டைக் குடுங்கோ. அங்க எம்ஆர்டி ரெயின்ல காட்டைத் தட்டிட்டுப் போகலாம், ஏறேக்க தட்டின அதே காட்டைத்தான் இறங்கேக்கயும் தட்டோணும். டொலர் நோட்டை மடிக்காம கொப்பிக்குள்ள வையுங்கோ, மடிப்பு, மை இருந்தா மாத்திற ஆக்கள் எடுக்க யோசிப்பினம்.

வெள்ளவத்தை மகள்:
தம்பி, அந்த நோட்டு இன்னும் லேஞ்சிக்கதான் கிடக்கு. மாத்தித் தரட்டோ எண்டா, "மற்றக் கண்ணுக்கு இருக்கட்டும்" எண்டுறா. மாசியில போறம். எஸ்எம்எஸ் மட்டும் வாற மாதிரி ரோமிங் எடுக்கேலுமோ, ஆரும் எடுத்தனீங்களோ?