குளூட்டன் இல்லாத கோழிக் குழம்பு: இரவில் வீட்டார் அனைவருக்கும் ஒரே சமையலாகச் செய்வது எப்படி?

கேள்வி: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் 12 வயது மகளுக்குச் சீலியாக் நோய் (குளூட்டன் என்ற தானியப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் குடலைப் பாதிக்கும் நோய்) இருப்பதை உறுதிசெய்த மருத்துவர், குளூட்டன் உள்ள கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் அவள் வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டும் என்று கூறியிருக்கிறார். காலையில் இட்லி, மதியம் சோறு என்று சமாளித்துவிடுகிறோம். மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இரவில் சப்பாத்தியும் கோழிக் குழம்பும் செய்வதுதான் எங்கள் வழக்கம். அதற்கு மாற்றுதான் புலப்படவில்லை. குழந்தைக்குத் தனியாக, பெரியவர்களுக்குத் தனியாக என்று சமைக்காமல், எண்ணெய் குறைவாக, எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும்படி என்ன செய்யலாம்? கடை மசாலாத் தூள்களை நம்பலாமா? அவள் அடிக்கடி கேட்கும் சிக்கன் 65-ஐ வீட்டில் செய்து தர முடியுமா?

மறுமொழி 1: பெரம்பூர் வாசகர்

சகோதரி, கோழி இறைச்சியில் குளூட்டன் கிடையாது. அதைச் சுற்றி வைக்கும் பண்டங்களில்தான் அது ஒளிந்திருக்கும். கறிக் குழம்பு வைக்கும் நாளில் ரசமும் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஆகவே அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது ரசத்தில் பூண்டையும் சீரகத்தையும் சற்றுக் கூட்டிப் பெருங்காயத்தை விட்டுவிடுங்கள். கடை மசாலா உறையில் ஒவ்வாமைக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்கும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாராகிறது என்பதால், சில்லி சிக்கன் செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

மறுமொழி 2: அண்ணா நகர் வாசகி

எங்கள் வீட்டில் மிளகுக் கோழிக் குழம்பும் சாமைச் சோறும் இரவுக்குப் பொருத்தமாக அமைந்திருக்கின்றன. நான்கு பேருக்குத் தோல் நீக்கிய கோழி அரை கிலோ போதும். தோலோடு கொழுப்பில் பெரும்பகுதி போய்விடும். இரண்டு தேக்கரண்டி முழு மிளகு, இரண்டு மேசைக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி சோம்பு ஆகியவற்றை வெறும் வாணலியில் வறுத்து மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கறிவேப்பிலை, ஒரு கை நிறையச் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி என்று வரிசையாக வதக்கி, மஞ்சள் தூள், உப்பு, பொடித்த மசாலா ஆகியவற்றோடு கோழியைப் புரட்டி, ஒரு குவளை நீர் விட்டு மூடிச் சிறு தீயில் வையுங்கள். பிராய்லர் கோழி அரை மணி நேரத்தில் வெந்துவிடும். நாட்டுக்கோழியாக இருந்தால் குக்கர்தான் சரி. குழம்பு நீர்த்துப்போனால் மாவு எதையும் கரைத்து ஊற்றாமல், ஊறவைத்த முந்திரி சிலவற்றை அரைத்து விடுங்கள்.

சிக்கன் 65-க்கு மைதா தேவையே இல்லை. எலும்பில்லாத துண்டுகளைத் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றில் ஊறவைத்து, அரிசி மாவில் புரட்டிப் பணியாரக் கல்லில் குழிக்குச் சில துளி எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பி வேகவிட்டால் மொறுமொறுப்பாக வரும். கடையில் பொரித்த அதே சுவை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தட்டில் மிச்சம் இருக்காது.

மறுமொழி 3: மயிலாப்பூர் வாசகர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் அரிசி மாவும் மிளகாய்த்தூளும் எங்கே அரைபடுகின்றன என்பதையும் கேட்டாக வேண்டும். தெருமுனை மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்திருந்தால், அந்த மாவு இயந்திரத்துக்குள் தங்கி உங்கள் பொடியில் வந்து சேரும். முதலில் ஒரு படி அரிசியை ஓட்டித் தள்ளிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள்; சீலியாக் உள்ள குழந்தைக்கு அதை நம்பி நான் கொடுக்க மாட்டேன். மிக்ஸியில் அரைப்பது சிரமம்தான் என்றாலும் அதுவே பாதுகாப்பு. கோதுமை மாவு சலித்த சல்லடை, சப்பாத்திப் பலகை, சப்பாத்தி சுட்ட கல், பூரி பொரித்து எடுத்துவைத்த எண்ணெய் ஆகிய எதுவும் அவள் சமையலின் பக்கம் வரக் கூடாது. சல்லடையைக் கழுவினாலும் கண்களுக்குள் மாவு நிற்கும் என்பதால் அவளுக்கென்று புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேட்டவரின் பதில்: வேளச்சேரி வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. ரசத்துப் பெருங்காயம் என் நினைவுக்கே வந்திராது. சப்பாத்திக்குப் பதிலாகச் சாமைச் சோறு என்றால் மாமனாருக்கு ஒத்துக்கொள்ளுமா?

மறுமொழி 4: அண்ணா நகர் வாசகி

சாமையிலும் மாவுச்சத்து உண்டு என்பதால், சிறுதானியம்தானே என்று அளவை மீறக் கூடாது. ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு நீர் வைத்து வேகவிட்டு, அவர் தட்டில் ஒரு கரண்டிச் சோற்றுக்கு இரண்டு கரண்டி பீன்ஸ் பொரியலோ கீரையோ வைத்து, கோழித் துண்டுகளைச் சற்றுக் கூட்டிப் பரிமாறுங்கள். மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்றால் முதல் சில நாள்களாவது உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு குளுக்கோமீட்டரில் பார்த்து, அந்த அளவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.