புதுப்பிப்பு: தாய்ச்சியில் முழங்கால் வலி ஏன் வருகிறது

போன பதிவில் சீகோங்கின் (மூச்சோடு சேர்த்துச் செய்யும் சீன உடற்பயிற்சி) நின்ற நிலையையும், தாய்ச்சியின் (மெதுவான அசைவுகளாகச் செய்யும் சீனத் தற்காப்புக் கலை) 24 அசைவுத் தொடரில் முதல் சில அசைவுகளையும் சொல்லியிருந்தேன். செய்து பார்த்தவர்கள் அதிகம் கேட்டது முழங்கால் வலியைப் பற்றித்தான்.

ரொம்பத் தாழ்ந்து நிற்பதும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், திரும்பும் விதம். முழு எடையையும் தாங்கும் காலோடு திரும்பினால் பாதம் தரையிலேயே ஊன்றியிருக்கும், தொடை மட்டும் திரும்பும். நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். மடங்கி நீள்வதுதான் அதன் முக்கிய வேலை. முறுக்கை அது தாங்காது. அதனால் முதலில் எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள். முன்னால் உள்ள பாதத்தின் விரல்கள் லேசாக எழட்டும். இடுப்பு திரும்பும்போது பாதமும் குதிகாலை ஊன்றியபடி 45 டிகிரி கூடவே திரும்ப வேண்டும். அதன் பிறகே எடை முன்னுக்கு வரலாம். அவசரமே வேண்டாம்.

முன்னடி வைக்கும்போது இரு பாதங்களும் ஒரே கோட்டில் விழக் கூடாது. பக்கவாட்டில் தோள் அகலம் இடைவெளி வேண்டும். முழங்கால் இரண்டாம் விரலின் திசையைப் பார்க்கட்டும், விரல்நுனியைத் தாண்ட வேண்டாம்.

நின்ற நிலையில் தலைசுற்றல் என்றவர்களுக்கு: முழங்காலை விறைப்பாகப் பூட்டி அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். லேசாக மடக்குங்கள், மூச்சை அடக்காதீர்கள். 3 நிமிடத்தில் தொடங்கி வாரம் ஒரு நிமிடம் கூட்டினால் போதும். தொடை நடுங்கினால் பயமில்லை. முழங்காலுக்குள் சுருக்கென்று குத்தினால் உடனே நிறுத்திவிடுங்கள்.